கருப்பனின் பெல்ட் தொடர்பாக

அனுப்புநர்:
இரண்டு குழந்தைகள், இரண்டு நாய்கள் ஆகியோரின் பாதுகாவலர்,
பூங்காவுக்கு எதிர்வரிசை வீடு.

பெறுநர்:
உயர்திரு பூங்காப் பராமரிப்பு அதிகாரி அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா – குழந்தைகள் மற்றும் நாய்கள் – உள்ளே வருதல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்புப் பலகை, நாள் குறிப்பிடப்படவில்லை.

ஐயா,

பார்வையில் கண்ட பலகையைக் குடும்பத்தோடு நின்று படித்துப் பயனடைந்தோம் என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பூக்களைப் பறிக்கக் கூடாது, புல்தரையில் நடக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் கூடாது, தின்பண்டம் கூடாது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சலில் அமரக் கூடாது, சத்தம் போடக் கூடாது, வளர்ப்புப் பிராணிகள் கூடவே கூடாது. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் கடைசி வரி வரைக்கும் வாய்விட்டு வாசித்துவிட்டு, "அப்போ என்னதான்பா பண்ணலாம்?" என்றாள். யூகேஜி படிக்கும் மகன் அதற்குள் பலகையின் இரும்புக் காலைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்திருந்தான். பலகையில் தொங்கக் கூடாது என்று பலகையில் எழுதவில்லை. இன்றைய தேதியில் விதிமீறல் இல்லாமல் ஆடக்கூடிய ஒரே விளையாட்டு அதுதான் என்பதால், அடுத்த பலகையைக் கொஞ்சம் தாழ்வாக நட்டால் சின்னவர்களுக்கு எட்டும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. காலை ஐந்து முதல் பத்து, மாலை நான்கு முதல் எட்டு. மே மாதம் முழுக்கக் குழந்தைகள் வீட்டில் இருப்பது பத்து மணியிலிருந்து நான்கு மணி வரைதான் தாங்க முடியாததாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து வேப்பமரம், புங்கமரம் இரண்டின் நிழலும் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. விசாரித்ததில், பகலில் திறந்துவைத்தால் காதலர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் இப்போதெல்லாம் காலை ஆறரைக்கே ஷூ போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வந்துவிடுகிறார்கள் என்ற தகவல் தங்கள் அலுவலகத்தை இன்னும் எட்டவில்லை போலும்.

மாலை நான்கு மணிக்குக் கதவு திறந்ததும் குழந்தைகள் ஓடுவது சறுக்குமரத்துக்கு. அது எவர்சில்வர் தகடு. மேற்குப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். நண்பகலிலிருந்து காய்ந்த தகடு நான்கு மணிக்குத் தோசைக்கல்லாகத் தயாராக இருக்கும். தொடையில் பட்டதும் அலறுவார்கள். சத்தம் போடக் கூடாது என்ற ஏழாவது விதி உடனே மீறப்படும். 2015இல் வந்த அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்குப் பணம் ஒதுக்கும்போதே குழந்தைகளுக்கு உகந்த வசதிகள் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். எங்கள் பூங்கா எந்தக் கணக்கில் எழுந்தது என்பதைத் திறப்பு விழாக் கல்வெட்டில் படித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கல்வெட்டு சறுக்குமரத்தைவிட உயரமாக இருப்பதால் மேல் வரிகளில் இருக்கும் பெயர்களை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டோம். சறுக்குமரத்தின் பக்கம் நிழலும் அந்தக் கல்வெட்டுக்கு அடியில்தான் கொஞ்சம் விழுகிறது.

மற்றபடி உள்ளே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகளில் குழந்தைகள் தொங்குகிறார்கள். குழந்தைகளுக்கான ஊஞ்சலில் அறுபது வயதுக்காரர் ஒருவர் மெல்ல ஆடியபடி ஸ்பீக்கர்போனில் மியூச்சுவல் ஃபண்ட் பேசுகிறார். எட்டு வடிவ நடைபாதையில் எட்டுப் போட வேண்டியவர்கள் நடுவில் நின்று மருமகள் விஷயம் பேசுகிறார்கள். ஆறரை மணிக்குச் சிரிப்பு மன்றத்தார் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்து ஹா ஹா ஹா என்று சிரிக்கிறார்கள். எதிர்வரிசை வீட்டிலிருந்து எங்கள் நாய் பதில் சொல்கிறது. யார் மீது புகார் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலம் எங்கிருந்து வந்தது என்பதைத் தங்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் சொல்கிறேன். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை நீங்கலாகப் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். தானம் கொடுத்தவர் என்று பத்திரத்தில் புரமோட்டர் பெயர் இருக்கும். அந்தப் பத்து சதவீதத்தின் விலையை அவர் எங்கள் தலையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்துத்தான் மனையை விற்றார். ஆக, நாங்கள் காசு கொடுத்து, அவர் தானம் செய்து, தாங்கள் பெற்றுக்கொண்ட புல்தரை அது. அதன்மேல் எங்கள் கால் படக் கூடாது என்பதில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.

இனி கருப்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

கருப்பன் தங்கள் பூங்காவில் பிறந்தவன். பம்ப் ரூமுக்குப் பின்னால் உடைந்த பேவர் பிளாக்குகளைக் குவித்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கே. அவன் தாய் இன்றும் அங்கேயே குடியிருக்கிறாள். உடன்பிறந்தவர்கள் மூவரும் செயற்கை நீரூற்றுத் தொட்டிக்குள் வாழ்கிறார்கள். அதில் தண்ணீர் இருந்தது திறப்பு விழா அன்று மட்டும்தான் என்று கேள்வி; மற்ற நாட்களில் அது நல்ல குளிர்ச்சியான படுக்கை. ஒரு மழை நாளில் என் மகள் பாவாடையில் சுற்றிக் கருப்பனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தடுப்பூசி போட்டோம். கருத்தடை செய்தோம். மாநகராட்சிக்குக் கட்டணம் கட்டி உரிமம் வாங்கினோம். சிவப்பு பெல்ட் மாட்டினோம். அன்றோடு அவன் பிறந்த மண்ணில் கால் வைக்கும் உரிமையை இழந்தான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். கருப்பனின் அண்ணன்மார்களைத் தங்கள் வண்டியே ஏற்றிக்கொண்டு போய், காது நுனியில் அடையாளத்துக்குச் சின்ன வெட்டுப் போட்டு, பூங்கா வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டது. அவர்கள் கேட்டைத் தாண்டி உள்ளே போனதை நானே பார்த்தேன். பலகையைக் கடந்துதான் போனார்கள். வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்றுதானே இருக்கிறது. அவர்களை யாரும் வளர்க்கவில்லை.

இப்போது மாலையில் கருப்பன் கேட்டுக்கு வெளியே பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கிறான். தாய் உள்ளேயிருந்து வந்து கம்பி வழியாக மூக்கை உரசிவிட்டுப் போகிறாள். இதில் யார் அடைபட்டிருக்கிறார்கள் என்பதில் என் மகனுக்கு இன்னும் குழப்பம்.

தங்கள் வாட்ச்மேன் அண்ணன் இரக்கமுள்ளவர். ஒருநாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்து, "தம்பி, பேசாம அந்த பெல்ட்ட கழட்டி விட்டுருங்க. அதுவா உள்ள வந்துரும். தெருநாய் வந்தா நான் என்ன பண்ண முடியும்?" என்றார். ஐயா, இதைவிடச் சிறந்த சட்ட ஆலோசனையை நான் எந்த வக்கீலிடமும் பெற்றதில்லை. பெல்ட் இருந்தால் குற்றவாளி, கழற்றினால் பொதுமக்களில் ஒருவன். கையில் பிடித்துக்கொண்டு போனால் தடை, அவிழ்த்துவிட்டால் தடையில்லை. ஊசி போட்டவனை நிறுத்திவைத்துவிட்டு, போட்டானா இல்லையா என்று தெரியாதவனை விட்டுவிடுகிறோம். இந்த ஏற்பாட்டை யோசித்து உருவாக்கியவர் யார் என்று அறிய ஆவல்.

எங்கள் இன்னொரு நாய் ராணி, ராஜபாளையம் இனத்தவள். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு ரோஜா நிறம், காது சுத்தமாகக் கேட்காது. அந்த இனத்தில் அப்படிப் பிறப்பது சகஜம். அதனால் விசில் ஊதி அவளை விரட்டும் முயற்சியை வாட்ச்மேன் அண்ணன் கைவிட்டுவிட்டார். இவள் இனத்தைப் போற்றி 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலையே வெளியிட்டது. நாட்டு நாய்களைக் காப்போம் என்று மேடைதோறும் பேசுகிறோம். ராணி உறைமேல் ஒட்டிக்கொண்டு வந்தால் தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே நுழைந்துவிடலாம். நான்கு காலில் வந்தால் பூங்காவுக்குள்கூட முடியாது.

நையாண்டியை ஒரு நிமிடம் ஓரம் வைத்துவிட்டுச் சொல்கிறேன். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவிலேயே காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதைப் படித்த எந்தத் தகப்பனும் நாய்களை எங்கும் அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்க மாட்டான். பக்கத்து வீட்டுப் பையன் கருப்பனைக் கண்டாலே அம்மாவின் பின்னால் ஒளிகிறான். அவன் பயம் நியாயமானது, அவனுக்கு நாயில்லாத பூங்கா வேண்டும். ஆளுயர நாயைச் சமையற்காரம்மா கையில் கொடுத்தனுப்பிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெருக் கனவான்களையும் நான் அறிவேன். நாய் போனதை அள்ளுவது தம் அந்தஸ்துக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் அவர்கள். அவர்களைப் பிடித்து அபராதம் போடுங்கள். ரசீது புத்தகத்தை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் அந்தப் பலகை அவர்களையும் நிறுத்தவில்லை. கார் டிக்கியில் கொண்டுவந்து, வாட்ச்மேன் கையில் எதையோ திணித்துவிட்டு, உள்ளே போய்விடுகிறார்கள். வெளியே நிற்பது பலகையைப் படிக்கிறவன் மட்டும்தான்.

சுத்தம் பற்றிய தங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நான் பழைய செய்தித்தாளும் கவருமாகத்தான் திரிகிறேன். உள்ளே வாயைப் பிளந்து நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டியில் போடலாம் என்றால், பென்குயினுக்கு அடிப்பாகம் இல்லை. குழந்தைகள் வாய் வழியாகப் போடும் சுண்டல் பொட்டலம் கால் வழியாக வெளியே வந்துவிடுகிறது. மகன் அதையே திரும்பத் திரும்பப் போட்டு மகிழ்கிறான். அப்புறம், பூங்காவின் வெளிச்சுவரைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். முழங்கால் உயரத்தில் பிள்ளையார், இயேசு, மெக்கா என்று வரிசையாக டைல்ஸ் பதித்திருக்கிறீர்கள். மனிதர்கள் அங்கே ஒதுங்காமல் தடுக்க மூன்று மதங்களும் கூட்டாக முயன்றும் முழு வெற்றி கிட்டவில்லை. ஈரம் இருக்கிறது. அந்தச் சுவரோரமாக நடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது நாய் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. விலங்குகள் நல வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் நம் சென்னையில்தான் தொடங்கியது. பூங்காவிலிருந்து வளர்ப்பு நாய்களை அடியோடு விலக்குவது தொலைநோக்கில்லாத செயல், வேண்டுமானால் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட அதே வாரியம் 2015இல் வழிகாட்டுதல் எழுதியிருக்கிறது. ஓடியாட இடமில்லாத நாய்க்குத்தான் கோபம் அதிகம் வரும் என்பது நாய் வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து மாநிலத்தில், பெங்களூரு கப்பன் பூங்காவில் நாயும் குழந்தையும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே நடக்கிறார்கள். 1870இல் தொடங்கிய பூங்கா இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே, பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் பேவர் பிளாக் குவியலை அள்ளிவிட்டு, அந்த மூலைக்கு ஒரு கம்பி வேலி, ஒரு குழாய், அடிப்பாகம் உள்ள ஒரு குப்பைத்தொட்டி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கயிறு கட்டாயம், பெரிய நாய்க்கு வாய்மூடி கட்டாயம், உரிமம் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. மற்ற நேரம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு. கூடவே சறுக்குமரத்தைக் கிழக்கே திருப்பிவைக்க முடியுமானால் நல்லது. கல்வெட்டை நகர்த்துவது சாத்தியமில்லை என்று எனக்கே தெரியும்.

இவை எதுவும் முடியாதென்றால், கருப்பனுக்கு ஒரு பிறப்பிடச் சான்றிதழாவது வழங்கிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இ-சேவை மையத்தில் விசாரித்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பம்ப் ரூமுக்குப் பின்புறம் என்று போட முடியவில்லையாம். தந்தை பெயர் கேட்கிறதாம். அது அந்த வட்டாரத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எதிர்வரிசை வீட்டுக்காரன்.

இணைப்பு: வளர்ப்பு நாய் உரிம நகல் – 2. ரேபிஸ் தடுப்பூசி அட்டை நகல் – 2. கருப்பனின் புகைப்படம் – 2 (பெல்ட்டுடன் ஒன்று, பெல்ட் இல்லாமல் ஒன்று; இருவரில் யாரை அனுமதிப்பீர்கள் என்று தெரியாததால்).