பலூன் துப்பாக்கி பிடிச்ச ஜேம்ஸ் பாண்ட்

வாடா பேராண்டி. ராத்திரி பூரா உன் ரூம்ல விளக்கு எரிஞ்சதைப் பார்த்துட்டு, புள்ள பரீட்சைக்குப் படிக்கிறான்னு ஆச்சி விடியங்காட்டி சுக்குக்காப்பி போட்டு வச்சிட்டா. நான்தான் சொன்னேன், "அவன் லண்டன்காரனுக்குப் போஸ்டர் அடிக்கிறான், கருப்பட்டியைத் தூக்கலாப் போடு"ன்னு.

எங்க, காட்டு பாப்போம். ம்ம். கறுப்பா இருக்கு. நடுவுல ஒரு வெள்ளை வட்டம். ஓரத்துல செவப்பா ஒரு சொட்டு. கீழ எறும்பு ஊர்ற மாதிரி நாலு எழுத்து. இது 'டாக்டர் நோ'வா? சரி, அடுத்தது. அதே கறுப்பு, வட்டம் மட்டும் தங்கக் கலரு. 'கோல்டுஃபிங்கர்'னு நானே சொல்லிட்டேன் பாத்தியா! இந்த ரீதியில போனா இருபத்தஞ்சு படத்தையும் ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டு ஆத்துல குளிக்கப் போயிரலாம். என்னது, மினிமலிசமா? பேரு நல்லாத்தான் இருக்கு. எங்க காலத்துல இதுக்கு மை தீந்துபோச்சுன்னு பேரு. இம்புட்டு இடத்தைத் தரிசாப் போட்டிருக்கியே, ரெண்டு நகைக்கடைக்கு வாடகைக்கு விட்டாலும் நாலு காசு வரும்.

மூஞ்சியைத் தூக்காதே. நான் டூரிங் டாக்கீஸுக்குப் போஸ்டர் ஒட்டினவன்ங்கிற உரிமையில பேசுறேன். மைதாவைக் கிண்டி, மயில்துத்தம் போட்டு, வாளியை சைக்கிள்ல மாட்டிக்கிட்டு விடியக்காலையில கிளம்புவேன். துத்தம் போடலேன்னா அடுத்த தெரு திரும்புறதுக்குள்ள மாடு வந்து உரிச்சிரும். திரும்பி வந்து பாத்தா கதாநாயகன் இடுப்புக்கு மேல மாட்டு வயித்துல இருப்பான், மிச்சம் செவுத்துல நிக்கும். நாங்க பாஸ் மார்க் போட்டதெல்லாம் ஒரே கணக்குலதான். சைக்கிள்ல போறவன் கழுத்தைத் திருப்புறானா? திருப்பி, முன்னால போற மாட்டுவண்டியில முட்டுறானா? முட்டினா படம் ஓடும்.

இந்த பாண்டு சங்கதியெல்லாம் மூணு ராத்திரி நீதானே வாசிச்சுக் காட்டினே. நீ வாசிச்சுட்டு மறந்துட்டே. நான் பல்லு போன கிழவன், மெல்ல முடியலேன்னு அப்படியே முழுங்கி வச்சிருக்கேன்.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' போஸ்டர் எங்க வச்சிருக்கே? ஆங், இது. ஒரு துப்பாக்கி நிழல் மட்டும். சுத்தமான வால்தர் பிபிகே, பாண்டோட அசல் சாமான். ரொம்ப சரியா வரைஞ்சிருக்கே. அதான் கெட்டுப்போச்சு. 1963ல என்ன நடந்துச்சு? விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஷான் கானரி வந்து நிக்கிறாரு. கோட்டு இருக்கு, டை இருக்கு, துப்பாக்கியைக் காணோம், எடுத்துட்டு வர மறந்துட்டாங்க. கேமராக்காரர் டேவிட் ஹர்ன் தன்னோட ஏர்கன்னை எடுத்து நீட்டினாரு, வால்தர் எல்பி 53. அதாவது, நம்ம பங்குனிப் பொங்கல்ல பலூன் சுடுறோமே, அந்த ஜாதி! குழல் மொழம் நீளத்துக்கு இருக்கு. போஸ்டர் வரையிறவங்க நறுக்கிக்குவாங்கன்னு விட்டாங்க, வரையிறவங்களும் அப்படியே விட்டுட்டாங்க. உலகம் பூரா செவுத்துல ஏறின வீராதி வீரன் கையில பலூன் துப்பாக்கி. கண்டுபிடிச்சவன் எத்தனை பேரு? அந்த நீளக் குழலைக் கன்னத்தோட வச்சுக்கிட்டு அவரு பாத்த பார்வையில எல்லாரும் மயங்கிட்டாங்க. அதே சாமான் 2010ல லண்டன்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல ரெண்டே முக்கால் லட்சம் பவுனுக்கு மேல போச்சுன்னு நீதான் வாசிச்சே. திருவிழாவுல பத்து ரூவா குடுத்தா ஆறு பலூன் சுடலாம். நீ என்னடான்னா அதைத் திருத்தி, யோக்கியமா பிபிகேயை மாட்டி வச்சிருக்கே. வாத்தியாரு பேப்பர் திருத்துற வேலையெல்லாம் உனக்கு எதுக்குடா?

இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, மறந்தியா? ராபர்ட் மெக்கின்னிஸ், ஃபிராங்க் மெக்கார்த்தி. 'தண்டர்பால்' வந்த 1965லயே ரெண்டு பேரும் அண்ணன் தம்பி வயக்காட்டைப் பிரிக்கிற மாதிரி போஸ்டரைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. வெடி, புகை, கடலுக்கடியில சண்டை எல்லாம் மெக்கார்த்திக்கு. பொம்பளைங்க மெக்கின்னிஸுக்கு. யாருக்கு நஞ்சை, யாருக்குப் புஞ்சைன்னு நான் சொல்ல மாட்டேன், ஆச்சி கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறா. மெக்கின்னிஸ் ஆயிரத்துக்கு மேல நாவல் அட்டை வரைஞ்ச கை. அவரு வரைஞ்ச பொண்ணுக்கு இடுப்புக்குக் கீழ காலு ஆரம்பிச்சா அடுத்த ஊர் எல்லையிலதான் முடியும். 1967ல 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' வந்தப்ப அவரு பாண்டைத் தொட்டித் தண்ணியில உக்கார வச்சு, சுத்தி ஜப்பான் பொண்ணுங்களை நிறுத்திட்டாரு. அந்தப் பக்கம் மெக்கார்த்தியோட எரிமலை. பாண்டு அதுக்குள்ள செவுத்துப் பல்லி கணக்கா சாஞ்சு நின்னுக்கிட்டு சுடுறான். கீழ விழாம எப்படிடா நிக்கிறான்னு எவனாவது கேட்டானா? டிக்கெட் எடுத்துட்டுத்தான் கேட்டிருப்பான்.

அது பொய்யில்லையா தாத்தாங்கிறே. உன் வட்டம் மட்டும் என்ன, அரிச்சந்திரன் வீட்டுதா? பாண்டு படத்தோட ஆரம்பத்துல காட்டுறதுக்கு மாரிஸ் பைண்டர் நெசத் துப்பாக்கிக் குழாய் வழியா ஊசித்துளைக் கேமராவை வச்சுப் பிடிச்ச வட்டம் அது. அதுல நடந்து வந்து திரும்பிச் சுடுறது கானரின்னு நெனைச்சியா? மொத மூணு படத்துல சண்டைக்காரர் பாப் சிம்மன்ஸ். உள்ள ஆளு மாறியிருந்தாலும் ஒரு ஆளு இருந்தான். உன் வட்டத்துல கொசு கூட இல்லையே.

சரி, நீ 007ங்கிற எழுத்தைக் காட்டி மடக்குவேன்னு தெரியும். ஜோசப் கேரஃப்னு நியூயார்க்காரர், மொத படத்துக்கு லெட்டர்பேடு தலைப்புக்காகப் போட்டது. ஏழோட வாலு துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்கேன்னு அவரு கண்ணுக்குப் பட்டிருக்கு. ஒரு விசை, ஒரு குழல், அம்புட்டுத்தான். கூலி முந்நூறு டாலர், அதுக்கு மேல சல்லிக்காசு வரலை. அந்த மனுசன் நூத்தி மூணு வயசு வரைக்கும் இருந்து, தன் ஏழு ஊரெல்லாம் சம்பாதிக்கிறதைப் பாத்துட்டுப் போனாரு. அதுவும் சின்ன வேலைதான், ஒத்துக்கிறேன். ஆனா அவரு ஒத்தைக் கோட்டுக்குள்ள ஒரு துப்பாக்கியை ஒளிச்சு வச்சாரு. நீ ஒரு முழுத்தாளுக்குள்ள ஒண்ணையும் ஒளிக்கலை. நீ விக்கப் போறதில்லையே? அந்த ஏழுக்குப் பட்டா வச்சிருக்கவன் வக்கீலோட வருவான். ஆசைக்குச் செய்யிறியா, செய். வக்கீல் செலவாவது மிச்சம்.

1981ல 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' போஸ்டர்ல ஒரு பொண்ணோட ரெண்டு காலு, நடுவுல எட்டத்துல ரோஜர் மூர் பொம்மை சைஸ்ல நிப்பாரு. அமெரிக்காவுல சில பத்திரிகைக்காரங்க கூச்சப்பட்டு அவளுக்குக் கால்சட்டை வரைஞ்சு விட்டாங்க. அந்தக் காலு என் காலுதான்னு ஒருத்திக்கு மேல கிளம்புனாங்களாம். உன் செவப்புச் சொட்டு என் ரத்தம்னு எவனாவது வருவானா, சொல்லு. ரெண்டு வருசம் கழிச்சு 'ஆக்டோபஸி', நம்ம உதயப்பூர்ல எடுத்தது. மூருக்குப் பின்னால அந்த நாயகிக்குக் கை கையா முளைச்சிருக்கும். நீ செல்லுல காட்டினப்ப ஆச்சி எட்டிப் பாத்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாளே, ஞாபகம் இருக்கா? டான் கூஸி வரைஞ்சது. பின்னாடி கம்ப்யூட்டர் வந்துச்சு, தலைகளை மட்டும் வெட்டி வானத்துல தொங்கவிட ஆரம்பிச்சாங்க. அதைப் பத்திப் பேசி வெத்தலையைக் கசப்பாக்கிக்க நான் தயாரில்லை.

இப்ப ஒண்ணு பண்ணு. உன் கறுப்பு வட்டத்தை முப்பதுக்கு நாப்பது இஞ்சுல அடிச்சுக்கிட்டு வா. லண்டன்லயும் அதே அளவுதான், நம்ம ஊர்லயும் அதே அளவுதான். கூடவே இன்னொண்ணும் வரை. கானரி, அந்த மொழ நீளப் பலூன் துப்பாக்கி, பின்னால ஒரு வெடி, மெக்கின்னிஸ் தயவுல ஒரு நீளக் காலு. துப்பாக்கியை நறுக்குனியோ, ராத்திரிக்குச் சோறு கிடையாது. ரெண்டையும் தொழுவத்துச் செவுத்துல பக்கத்துப் பக்கத்துல நானே ஒட்டுறேன். பசையும் நானே கிண்டுறேன்.

என்ன, ரெண்டு வாளியில தனித்தனியாவா? ஆமாடா, தனித்தனியாத்தான். மயில்துத்தம் ஒரு வாளிக்குத்தான் இருக்கு.