எஃகும் இஞ்சி டீயும்

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை டீக்கடைகளில் 'நான் யார்?' என்ற விசாரணை ஓய்ந்தால் அடுத்தது தொடங்கும்: நியூயார்க் இரட்டைக் கோபுரத்தை இடித்தது யார்?

"விமான எரிபொருள் எஃகை உருக்காது" என்பார் இஞ்சி டீயும் கையுமாக ஒரு வெளிநாட்டு அன்பர். உண்மைதான். உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். விழுவதற்கு உருக வேண்டியதே இல்லை. 600 டிகிரியிலேயே பாதி வலு போய்விடும். அரிவாள் அடிக்கும் கொல்லருக்கு இது தெரியும். பாவம், அவர் காணொளி போடுவதில்லை.

"அப்படியானால் பக்கத்தில், விமானமே மோதாத 47 மாடி ஏழாம் எண் கட்டடம் ஏன் விழுந்தது?"

அது மணிக்கணக்கில் எரிந்தது. சூட்டில் நீண்ட உத்தரங்கள் முக்கிய உத்தரம் ஒன்றை இடம்பெயர்த்தன. பிடிப்பிழந்த தூண் வளைந்தது என்கிறது அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனத்தின் 2008 அறிக்கை. அறிக்கை தடிமன்; சதிக்கதை ஒரே வரி. எது ஓடும்?

நியூயார்க் வரை போவானேன்? தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் 2017 மே 31இல் தீப்பிடித்து, மறுநாள் விடியுமுன் ஒரு பகுதி சரிந்தது. அதற்கு எந்த டீக்கடையும் சிஐஏவைக் கூப்பிடவில்லை. ஜவுளிக்கடை என்றால் சதிக்கு கௌரவக் குறைச்சல் போலும்.

எரிந்ததெல்லாம் விழுவதும் இல்லை: 1975இல் எரிந்த அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் இன்றும் நிற்கிறது.