அப்பளமும் மூன்று மடிப்பும்

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு அதிலுள்ள அத்தனை வேலையும் தெரியும் என்பது திருநெல்வேலிச் சீமையின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் பார்ப்பது கணக்கு வேலை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் அத்தானுக்கு அந்த வேறுபாடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "மாப்ளே, கல்யாணச் சமையல்காரங்க கையில குடுக்க, பளபளன்னு மூணா மடிக்கிற நோட்டீஸ் ஒண்ணு அடிக்கணும். ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்றார். அக்காவும் பக்கத்தில் நின்றதால் மறுக்க வழியில்லை.

எந்த மென்பொருளில் செய்யலாம் என்று நாலு பேரிடம் விசாரித்தேன். ஆலோசனைக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? கல்லூரியில் படிக்கும் அக்கா மகன், "கேன்வா போதும் மாமா, போன்லயே முடிச்சிரலாம்" என்றான். சென்னையில் விளம்பரத் துறையில் இருக்கும் நண்பன், இன்டிசைனைத் தவிர வேறெதையும் தொடாதே என்று அரை மணி நேரம் பேசினான். அது விலைக்குக் கிடைக்காது, மாத வாடகைக்குத்தான் என்பதைப் போனை வைக்கும்போது சொன்னான். கட்டற்ற மென்பொருள் அன்பர் ஒருவர் ஸ்கிரைபஸ் என்றார். காசு கிடையாது, 2024 சனவரியில் வந்த 1.6 பதிப்புக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கவும் தெரியும். அவர் அதைப் பற்றிச் சொன்னது கொஞ்சம், சுதந்திரத்தைப் பற்றிச் சொன்னது நிறைய.

கடைசியாகப் பாளையங்கோட்டை அச்சகத்து அண்ணாச்சியிடம் போனேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இங்கன பேஜ்மேக்கரும் கோரலும்தான் தம்பி. எழுத்து பாமினி. யூனிகோடு கொண்டாந்தா நமக்குள்ள சரிப்பட்டு வராது" என்றார்.

பேஜ்மேக்கர் 1985இல் பிறந்தது. அதை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனம், 1515இல் இறந்துபோன ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற வெனிஸ் நகரத்து அச்சகக்காரரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. 1994இல் அடோபி அதை வாங்கியது. 1999இல் இன்டிசைனைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரின் கதை முடிந்தது. அமெரிக்காவில் கருமாதி நடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. நம்முடைய டிடிபி கடைகளில் அது இன்றும் திடகாத்திரமாக உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எழுத்துரு. பாமினியில் 'அப்பளம்' என்று அடித்தால் திரையில் அப்பளம் தெரியும். கணினியின் மனசுக்குள் இருப்பதோ எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எஸ், கே, அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்ட ஏற்பாடு இது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ஆனால் ஒரு நன்மை உண்டு: கொம்பை அடித்த இடத்தில் கொம்பு நிற்கும்.

யூனிகோடு வேறு ஜாதி. 'நெ' என்பதில் முதலில் 'ந', அதற்குப் பிறகுதான் கொம்பு என்று சேமித்துக்கொள்ளும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. இன்டிசைனில்கூடத் தமிழுக்கென்று 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வித்தை அறியாத மென்பொருளில் 'திருநெல்வேலி' என்று ஒட்டினால் நகரத்தின் கொம்பு லகரத்தை இடித்துக்கொண்டு நிற்கும். கல்லிடைக்குறிச்சியின் ஐகாரம் டகரத்தைத் தாண்டிப் போய்விடும். அத்தான் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, கொம்பெல்லாம் பொறத்தால போயிட்டு?" என்றார். யூனிகோடின் உள்விவகாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் அச்சுத் தொழில் நமக்குப் புதிதில்லை. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் இருந்து ஊழியம் செய்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அவருடைய 'அடியார் வரலாறு' 1586இல் வந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் கொம்பு உலோகத்தில் வார்த்த கொம்பு. வைத்த இடத்தில் கிடந்தது.

மென்பொருளைக் கற்றுக்கொள்ள யூடியூப் இருக்கிறது. எல்லாக் காணொளியிலும் ஒரு வெள்ளைக்காரர் காபிக் கடைக்குப் பிரசுரம் செய்கிறார். அவருடைய சொற்கள் எல்லாம் சின்னச் சின்னவை; ஒன்பது பத்து சென்டிமீட்டர் பத்தியில் ஒழுங்காக அமர்கின்றன. 'கல்லிடைக்குறிச்சியிலிருந்து' என்ற சொல்லை அவர் பார்த்ததில்லை. அந்தப் பத்தியில் இருபக்கமும் சீராக்கச் சொன்னால், இரண்டு சொற்களுக்கு நடுவே தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. தமிழுக்கு இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே மரியாதை.

காபிக் கடைப் பிரசுரத்தில் பாதி இடம் வெறுமையாக இருக்கும். அதுதான் அழகு என்கிறார் வெள்ளைக்காரர். அத்தான் திரையில் விரலை வைத்தார்.

"இங்கன எடம் சும்மா கெடக்கே?"

"கண்ணுக்கு ஓய்வு வேணும் அத்தான்."

"கண்ணு வீட்டுல போயி ஓய்வெடுக்கட்டும். காசு குடுத்து வாங்குத பேப்பர்லா?"

அந்த இடத்தில் நெல்லையப்பர் வந்தார். காந்திமதியம்மனைத் தனியாக விடலாமா? அவளும் வந்தாள். அடுத்து, அப்பளத்தின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்ற ஊர்வாக்கு, தாத்தாவின் படம், உளுந்து அப்பளம், பிரண்டை அப்பளம், மூன்று போன் நம்பர். எல்லாவற்றுக்கும் கீழே, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.' அத்தானுக்குக் கடையே கிடையாது. தொழில் நடப்பது வீட்டுப் பின்கட்டில்.

மூன்று மடிப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அகலம் 297 மில்லிமீட்டர். மூன்று சம பாகமாகப் பிரித்தால், உள்ளே மடங்கும் பக்கம் இடித்துக்கொண்டு பிதுங்கும். ஆகவே அது 97, மற்ற இரண்டும் 100. வெளிப்பக்கத்தில் முகப்பு வலது கோடியில் வரவேண்டும். உள்ளே மடங்குவது இடது கோடியில். தாளைத் திருப்பினால் அந்த 97 வலது கோடிக்குப் போய்விடும். இதை எந்த மென்பொருளும் எனக்குப் புரியவைக்கவில்லை. அத்தான் பால் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மூன்றாக மடித்து, முகப்பில் 'அப்பளம்' என்று பேனாவால் எழுதி நீட்டினார். விளங்கிவிட்டது.

கோப்பைக் கொண்டுபோனதும் அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி: "கர்வ் போட்டாச்சா?" எழுத்தை எல்லாம் படமாக மாற்றிவிடுவதற்குப் பெயர் கர்வ். அதன்பிறகு எழுத்துரு எதுவானாலும் அச்சகத்துக்குக் கவலையில்லை, கொம்பும் நகராது. யூனிகோடு, பாமினிச் சண்டையெல்லாம் இந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோகும். ஆனால் கர்வ் போட்டபின் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அடித்துத் திருத்த முடியாது. பிழையோ அதன்பிறகுதான் கண்ணில் படும். அது உலக நியதி.

ஆகவே நோட்டீஸ் அடிக்கப்போகும் அன்பர்களுக்குச் சொல்வது: மென்பொருளைத் தேடாதீர்கள், முதலில் அச்சகக்காரரைத் தேடுங்கள். எந்தக் கோப்பை வாங்குவார், எந்த எழுத்துரு வைத்திருக்கிறார், ஓரத்தில் வெட்டுக்கு எவ்வளவு விடவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தாளை மடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கணினியைத் திறங்கள். கர்வ் போடுவதற்கு முன்னால், தமிழ் ஒழுங்காகத் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இவ்வளவும் செய்தால் மென்பொருள் எதுவாக இருந்தாலும் போதும்.