சாம்பாரில் பருப்பைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் ‘வீகன்’ ஆகிவிட்டான். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டேன் என்கிறான். இனி அவன் உடம்புக்குப் புரதம் எங்கிருந்து வரும்?
– ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் ஊர்க் கொல்லையிலிருந்தே வரும், அம்மா. அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய 16 கிராம் புரதம். 70 கிராம் வேர்க்கடலையிலும் அதே அளவு இருக்கிறது. உளுந்து, துவரை, பச்சைப்பயறு, கொள்ளு, காராமணி எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை தேறும். பையன் ஊருக்கு வரும்போது நெய் முறுக்கு கட்டித் தரமுடியவில்லையே என்று வருந்தாதீர்கள். உரித்த கடலை இரண்டு கிலோ கட்டிக் கொடுங்கள். பி12 வைட்டமின் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கவனமாக இருக்கவேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன், அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: தினமும் சாம்பார் சாப்பிடுகிறோம். அதற்கு மேல் புரதம் என்று தனியாக எதற்கு?
– உத்திரமேரூர் வாசகர்

பதில்: அந்தச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று ஒருநாள் அளந்து பாருங்கள். ரேஷனில் 30 ரூபாய்க்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு வாங்குகிறோம். நாலு பேர் உள்ள வீட்டில் அதை மட்டுமே நம்பினால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. புரதம் 2 கிராம்கூட வராது. மற்றதெல்லாம் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். தானியத்தையே பெரிதும் நம்பி உண்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். 300 கிராம் அரிசியை வடித்த சோற்றில் 23 கிராம் கிடைத்துவிடுகிறது. மீதிக்கு என்ன வழி? கெட்டியாக வைத்த பருப்பு 60 கிராம், ஒரு கைப்பிடிக்கு மேல் கடலை 50 கிராம், சாயங்காலம் சுண்டலுக்கு ஊறப்போட்ட பயறு 40 கிராம். இவை மூன்றும் சேர்ந்து 33 கிராம் தந்துவிடும். ஒரு கிண்ணம் கீரை வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

இதில் கடையில் தேடி அலையவேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. நம் வீடுகளில் புரதம் குறைவதற்குக் காரணம், பருப்பு சமைக்கத் தெரியாததல்ல. சோற்றை மலையாகக் குவித்து, பருப்பை அதன்மேல் தெளிக்கிறோம். அந்தக் கைவாகு மாறவேண்டும்.

கேள்வி: செடிப் புரதங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஒன்றே ஒன்றுதான் சொல்லவேண்டும்.
– செய்யாறு வாசகி

பதில்: அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அதுவும் பிடுங்கிய அன்றே அவித்தது. செடியை உதறும்போது செம்மண் சிந்தும். காயை ஆய்ந்து, இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி, கல்லுப்பு போட்டு மூடி வேகவைத்தால், தோலுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கி நிற்கும். நகத்தால் அழுத்தினால் வாய் திறக்கும். உள்ளே பருப்பு இளஞ்சிவப்பாக இருக்கும். வறுத்த கடலைக்கு வாசனை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவித்ததில் எண்ணெய்க் காரல் இல்லை, நிறையத் தின்றாலும் நெஞ்சை அடைப்பதில்லை.

ஒன்றே ஒன்று என்றீர்கள். இருந்தாலும் இரண்டாவதாகக் காராமணிச் சுண்டலையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் காஞ்சிபுரம் கோயில் இட்லியை வீகன் சாப்பிடலாமா?
– காஞ்சிபுரம் கல்லூரி மாணவி

பதில்: கோயிலில் செய்வதில் நெய் சேரும். ஆகவே பிரசாதமாகக் கிடைப்பது உங்களுக்கு ஆகாது. வீட்டில் செய்துகொள்ளத் தடையில்லை. நெய், தயிர் இரண்டையும் விட்டு, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அப்படியே இருக்கட்டும். புளிப்புக்குத் தயிர் தேவையே இல்லை. அரைத்த மாவை ஓரிரவு வைத்தால் தானே புளிக்கும்.

இந்த இட்லியின் சிறப்பை நம்மவர்களே சரியாகக் கவனித்ததில்லை என்பது என் ஆதங்கம். சாதாரண இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறோம். கோயில் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சம அளவு. கணக்கிட்டால், சாதாரண இட்லியின் அரிசி-உளுந்துக் கலவையில் 100 கிராமுக்கு 11 கிராம் புரதம், கோயில் இட்லியின் கலவையில் 15 கிராமுக்கு மேல். சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் காஞ்சி வரதராஜப் பெருமாள்தான் இந்த இட்லிக்கும் சொந்தக்காரர். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைக்கும் அந்தக் கைப்பக்குவத்தைப் புரதப் பாடமாகவே பள்ளிகளில் சொல்லித் தரலாம்.

கேள்வி: செடிப் புரதம் ‘முழுமையற்றது’ என்று எங்கள் ஜிம் மாஸ்டர் சொல்கிறாரே?
– வாலாஜாபாத் இளைஞர்

பதில்: தனித்தனியாகப் பார்த்தால் அவர் சொல்வதில் பாதி உண்மை. உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அரிசியில் அவற்றில் ஒன்றான லைசின் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். பருப்புச்சோறு, இட்லி, அடை, வெண்பொங்கல் எல்லாம் இந்தக் கூட்டணிதான். ஒரே கவளத்தில் இரண்டும் இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. காலையில் சோறு, மாலையில் சுண்டல் என்றாலும் உடம்பு சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: அப்படியென்றால் புரதப் பொடி டப்பா?
– அதே இளைஞர்

பதில்: தேவையில்லை. 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டியே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் கறுப்புக் கொண்டைக்கடலை மாதக்கணக்கில் வாங்கலாம்.

கேள்வி: ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது உண்மையா?
– மதுராந்தகம் வாசகர்

பதில்: முதல் பாதியில் சந்தேகமே வேண்டாம். எள்ளில் பாதி எண்ணெய். இளைத்தவன் உடம்பில் சதை பிடிக்கும். தோலுடன் உள்ள எள்ளில் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி. பாலை விட்டவர்கள் எள்ளுருண்டையையும் கேழ்வரகையும் விடவே கூடாது.

கொள்ளில் கொழுப்பு 100 கிராமுக்கு 1 கிராம்கூட இல்லை, புரதம் 22 கிராம். வயிறு நிறையும், பசி தள்ளிப்போகும். அதற்காகக் கொள்ளுரசம் இருக்கும் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்பி, கூடவே ஆறு வடை தின்றால் பழமொழி என்ன செய்யும்? ரசத்தில் போகும் புரதமும் சொற்பம். வேகவைத்த கொள்ளைத் துவையலாக அரைத்தோ சுண்டலாகத் தாளித்தோ தின்னுங்கள்.

கேள்வி: மீல் மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை குறையுமாமே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: குறையாது. சோயாவில் பெண்மை ஹார்மோனை ஒத்த பொருள் உண்டு என்பதிலிருந்து கிளம்பிய பயம் இது. ஆண்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-லும், மறுபடி 2021-லும் அலசினார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் எதையும் காணவில்லை. எண்ணெய் எடுத்த சோயா மாவுதான் மீல் மேக்கர். காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். ஊறினால் பல மடங்கு கனக்கும், அந்தக் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். நம்மூர்ப் பயறுகளுக்கே என் முதல் ஓட்டு. வாரம் இரண்டு நாள் இதுவும் இருக்கட்டும்.

கேள்வி: முருங்கைப் பொடி ஒரு ஸ்பூன் போதும், புரதம் கொட்டும் என்று விளம்பரம் வருகிறதே?
– மானாம்பதி வாசகி

பதில்: ஒரு ஸ்பூனில் ஒன்று, ஒன்றரை கிராம் வரும். இரும்புச்சத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் முருங்கைக்கீரையைக் கொண்டாடுங்கள். புரதப் பொறுப்பை அதன் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி: பயறு என்றாலே வயிறு உப்புசம். என்ன செய்ய?
– பெருநகர் வாசகர்

பதில்: எட்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்கவும். சிறுகுடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் ஊறிய தண்ணீரோடு ஓரளவு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். முதல் வாரம் பயத்தம்பருப்பில் தொடங்கி, கொண்டைக்கடலைக்குப் பிறகு வாருங்கள்.

கேள்வி: செக்கில் எண்ணெய் எடுத்தபின் வரும் கடலைப் புண்ணாக்கில் புரதம் அதிகம் என்கிறார்கள். மனிதர்கள் சாப்பிடக்கூடாதா?
– ஐயங்கார்குளம் விவசாயி

பதில்: அருமையான கேள்வி. எண்ணெய் போனபின் மிஞ்சுவதில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம். மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. எண்ணெய் நீக்கிய கடலைமாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து, ஏழைகளுக்கான சத்துமாவு ஒன்றை உருவாக்கியது. ஆனால் அது உணவுக்கென்றே பொறுக்கியெடுத்த கடலை. செக்கடியில் மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கு வேறு. அதைத் தின்னவே தின்னாதீர்கள்.

காரணம் பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தைச் சோதித்தபோதுதான், பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்தது. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே பிடுங்கிய காயை ஈரத்தோடு மூட்டை கட்டாதீர்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்வரை காயவையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: காந்தியடிகளாலேயே பாலை விடமுடியவில்லையே, நம்மால் முடியுமா?
– காஞ்சிபுரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: 1912-இல், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பாலை விட்டார். இந்தியா திரும்பியபின், கேடா பகுதியில் அலைந்த 1918-இல் அவருடைய முக்கிய ஆகாரம் கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். கடுமையான வயிற்றுப்போக்கில் படுத்தவர், கடைசியில் ஆட்டுப்பால் குடிக்கச் சம்மதித்தார். பாலுக்கு ஈடான செடி உணவை யாராவது கண்டுபிடித்துத் தரமாட்டார்களா என்று பிற்காலத்திலும் ஏங்கினார்.

அவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. பி12 வைட்டமினைப் பிரித்தெடுத்ததே அவர் மறைந்த 1948-இல்தான். அவர் நோயில் படுத்த 1918-இல் மருத்துவர் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. இன்று மாத்திரையாகவே கிடைக்கிறது. நம்மால் முடியும், ஐயா.

கேள்வி: பழைய சோற்றில் பி12 இருக்கிறதாமே, பிறகு மாத்திரை எதற்கு?
– திருப்புலிவனம் வாசகி

பதில்: பழைய சோறு நல்ல உணவு, தினமும் சாப்பிடுங்கள். பி12-க்கு அதை நம்பி இருக்காதீர்கள். பி12-ஐ உண்டாக்குபவை சில வகை நுண்ணுயிர்கள் மட்டுமே. கீரை, பயறு, கடலை எதிலும் நம்பத்தகுந்த அளவு கிடையாது. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டு தாங்கும் என்பதால் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று தோன்றும். பிறகு சோகை, கை கால் மரத்துப்போதல், மறதி என்று தொடங்கும். நரம்பில் வரும் சேதம் சில சமயம் திரும்பாமலே போகும். பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டவர் மருத்துவரிடம் கேட்டு பி12 எடுத்தே ஆகவேண்டும். இதில் சமரசம் இல்லை.

கேள்வி: என் மருமகளுக்கு ஏழாம் மாதம். அவளும் வீகன்தான். எவ்வளவு கூடுதலாகச் சாப்பிடவேண்டும்?
– வாலாஜாபாத் மாமியார்

பதில்: கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட 22 கிராம் புரதம் கூடுதல். உளுந்தங்களி ஒரு வேளை, கடலை ஒரு கைப்பிடி, பயறு ஒரு கிண்ணம். களிக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேருங்கள். இரும்பு, பி12 இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கொள்கையைப் பிரசவம்வரை விவாதிக்காதீர்கள், தட்டை மட்டும் நிரப்புங்கள். வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாராவது இருந்தால், அவருக்கு மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவும் சரி. கடலை போடும் நாங்கள் உடனடியாகச் செய்யவேண்டியது என்ன?
– அதே ஐயங்கார்குளம் விவசாயி

பதில்: இரண்டு வேலை. நெல் நடவு முடிந்ததும் வரப்பில் உளுந்து ஊன்றுங்கள். தனியாக நிலம் வேண்டாம், வீட்டு இட்லிக்கு ஆகும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறுகளுக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான உளுந்து ரகங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, வியாபாரி களத்துக்கு வருமுன் வீட்டுக்கென்று 40 கிலோ காயை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். உரித்தால் 28 கிலோ பருப்பு தேறும். நாலு பேர் தலைக்கு 50 கிராம் வீதம் தின்றால் 140 நாளைக்கு வரும்.