தொடைக்கு எத்தனை விசில்?

கறிக்கடையில் ஆட்டுத்தொடையை வெட்டாமல் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. "ஒரு கிலோ போடுங்கண்ணே" என்று நாம் வாயைத் திறப்பதற்கும் கத்தி இறங்குவதற்கும் நடுவில் கடைக்கார அண்ணன் யோசிப்பதே கிடையாது. கை பாட்டுக்கு வெட்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு. தொடை புளியங்கட்டை மேல் வந்து விழுந்ததும் நான் போட்ட சத்தத்தில் நின்றிருந்த மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, வெட்டாதீங்க! முழுசா வேணும்."

"முழுசான்னா? பெரும்பீஸா போடவா?"

"பீஸே போட வேணாம். அப்படியே குடுங்க."

"வீட்ல வெட்டிக்கிருவீங்களா?"

"வீட்லயும் வெட்ட மாட்டோம்ணே. அப்படியே ஓவன்ல வைக்கப் போறோம்."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "நேத்திக்கடனா தம்பி?" என்றார்.

அதற்கு முன்பே அவர் மனம் கொஞ்சம் புண்பட்டிருந்தது. செம்மறி இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். எங்கள் மதுரைப் பக்கம் 'வெள்ளாட்டுக்கறி மட்டும்' என்று பலகை வைப்பது கடைக்குக் கௌரவம். உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் வாலில் மட்டும் முடியை விட்டுவைத்திருப்பார்கள். வெள்ளாடுதான் என்பதற்கு அது சாட்சி. அந்த வாலுக்கு நேர் கீழே நின்றுகொண்டு செம்மறி கேட்பது, சைவ ஓட்டலில் உட்கார்ந்து ஆம்லேட் கேட்பது மாதிரி.

ஆனால் கேட்டதில் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரர் வீட்டில் ஞாயிறு மத்தியானம் ஓவனிலிருந்து இறங்குகிற தொடை, ஒரு வயது நிரம்பாத செம்மறிக்குட்டியுடையது. தோலுக்கடியில் அதற்கு ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. சூட்டில் அது உருகிக் கறிமேல் வழிந்துகொண்டே இருக்கும். ஆள் நின்று எண்ணெய் தடவ வேண்டியதில்லை. வெள்ளாடு அப்படியில்லை. வேலி தாண்டி மேய்ந்த உடம்பு. கொழுப்பையெல்லாம் வயிற்றுக்குள் பதுக்கி வைத்திருக்கும், தொடையில் தேடினாலும் கிடைக்காது.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இந்தத் தொடை சும்மா வந்துவிடவில்லை. 1882-இல் 'டனீடன்' என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து கிட்டத்தட்ட 5,000 ஆடுகளை உறையவைத்து ஏற்றிக்கொண்டு, 98 நாள் கடலில் வந்து லண்டனில் இறக்கியது. கறி கெடவில்லை. அதற்கப்புறம்தான் அங்கே தூரதேசத்து ஆடு விலை மலிந்து சாதாரண வீடுகளுக்கும் வர ஆரம்பித்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். "தொண்ணூத்தெட்டு நாளா!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காலையில் வெட்டிய கறி மத்தியானத்துக்குள் குழம்பாகவில்லை என்றால் சந்தேகப்படுகிற வீடு எங்களுடையது.

எங்கள் ஓவன் கேக்குக்காக வாங்கியது, 30 லிட்டர். அண்ணனிடம் கையை விரித்து அதன் அகலத்தைக் காட்டினேன். தொடையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், முழங்கால் மூட்டில் கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டி மடக்கிக் கொடுத்தார். வீட்டில் தட்டில் வைத்தபோது அது மண்டி போட்டு உட்கார்ந்திருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் யாருக்கும் அப்படிப் பணிந்திருக்காது.

இப்படி வெட்டாத முழுத்தொடையை வைத்து ரோல்ட் டால் 1953-இல் எழுதிய ஒரு கதை உண்டு. 1958-இல் ஹிட்ச்காக் அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தார். போலீஸ்காரக் கணவன் தன்னை விட்டுப் போகிறேன் என்று சொன்னதும், கர்ப்பிணி மனைவி உறைந்து கிடந்த ஆட்டுத்தொடையால் அவன் பின்மண்டையில் ஒரு போடு போடுகிறாள். அப்புறம் தொடையை ஓவனில் வைக்கிறாள். ஆயுதத்தைத் தேடி வீட்டையே புரட்டிய போலீஸ்காரர்கள் பசியோடு உட்கார்ந்து அந்த ஆயுதத்தையே சாப்பிட்டு முடிக்கிறார்கள். அருமையான கதை. தமிழ்நாட்டில் நடக்காது. நம் கறிக்கடை வழியாக வந்திருந்தால் அது முப்பது துண்டாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கும். ஒவ்வொன்றாக எறிந்து எப்போது கொல்வது? அப்படியே கொன்றாலும், விசாரிக்க வந்த ஏட்டையா, "குழம்பு வைக்கலையாம்மா?" என்ற ஒரே கேள்வியில் கேஸை முடித்திருப்பார்.

மசாலாவில் பெரிய தகராறு இல்லை. தயிர், மிளகு, சோம்பு, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் பப்பாளிக்காய் அரைத்தது. பப்பாளியில் இருக்கும் பப்பைன் கறியை இளக்கும். கை தாராளமாகிவிட்டால் களியாக்கும். அங்கங்கே கத்திமுனையால் குத்திப் பூண்டுப்பல்லைச் சொருகினேன். அந்த நேரம் பார்த்து அத்தை, "மொதல்ல சட்டியில போட்டு நல்லாச் சிவக்க வறுத்து எடுடா. அப்பத்தான் சாறு வெளிய போகாது" என்றார். அத்தைக்குத் தெரியாது, இது ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 19-ஆம் நூற்றாண்டில் சொன்ன வாதம். அப்படிச் சாற்றை அடைக்க முடியாது, சிவக்க வறுப்பது மணத்துக்கும் ருசிக்கும்தான் என்று சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்டு மெகீ 1984-இல் புத்தகமே போட்டு விளக்கிவிட்டார். அத்தையிடம் மெகீ பேரைச் சொன்னேன். "அவுக எந்த ஊரு?" என்றார்.

உண்மையான தகராறு ஓவன் கதவை மூடியபிறகு தொடங்கியது.

தொடையை வேகவைக்க இரண்டு வழி. இளங்குட்டியென்றால் நடுக்கறியில் 57, 58 டிகிரி வந்ததும் எடுத்துவிட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக, சாறோடு இருக்கும். வெட்டினால் கசிகிற அந்தச் சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின். இந்த விளக்கத்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் கொடுக்கிற தைரியம் எனக்கில்லை. இன்னொரு வழி பிரெஞ்சுக்காரர்களுடையது: ஏழு மணி நேரத் தொடை என்றே பேர், மெல்லிய சூட்டில் மூடிப்போட்டு, கரண்டியால் அள்ளித் தின்கிற பதம் வரும்வரை விடுவார்கள். 70 டிகிரிக்கு மேல் நின்று நிதானித்தால்தான் கறியைக் கட்டிப்போட்டிருக்கும் கொலாஜன் இளகிப் பசையாகும். வேலி தாண்டிய வெள்ளாட்டுக்கு இதுதான் சரி. ஏழு மணி நேரமெல்லாம் வேண்டாம், 150 டிகிரியில் ஃபாயில் சுற்றி நாலு மணி நேரம். கடைசி அரைமணிக்கு ஃபாயிலைப் பிரித்துச் சூட்டை ஏற்றினால் மேலே சிவந்துவிடும்.

ஆக, சமைப்பவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. நாலு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இங்கிலாந்தில் தொடையை ஓவனில் வைத்துவிட்டு தேவாலயத்துக்குப் போய் வருவார்களாம். எங்கள் வீட்டில் அது எப்படி முடியும்? கறி எடுத்த நாளில் அடுப்படியைத் தாண்டி யாரும் போவதில்லை. கிளறாத கறியைக் கறியென்று ஒப்புக்கொள்வதுமில்லை.

முதல் அரைமணி நேரம் கௌரவமாகப் போனது. அப்புறம் அம்மா வந்தாள். காதை ஓவன் பக்கம் வைத்துக் கேட்டாள். "ஏன்டா, சத்தமே போடாம எப்படிடா வேகும்?"

நியாயமான கவலை. குக்கர் விசில் போட்டுத் தகவல் சொல்லும். உள்ளே அழுத்தத்தில் சூடு 120 டிகிரிக்குப் போவதால், நாலு மணி நேர வேலை அரைமணியில் முடிந்துவிடும். வயசான ஆடா, ஆறு விசில், குட்டியா, நாலு. ஊருக்கே பொதுவான கணக்கு. ஓவனோ டைமர் ஓடுகிற டிக் டிக் தவிர வாயைத் திறப்பதில்லை. போனில் கூப்பிட்ட பெரியம்மா, விஷயத்தைக் கேட்டதும், "அது சரி, தொடைக்கு எத்தனை விசில்?" என்றார். இல்லை பெரியம்மா என்று ஆரம்பித்து, "எட்டு" என்று சொல்லி வைத்தேன். நிம்மதியாகப் போனை வைத்தார்.

அப்பா வந்து கதவைத் திறந்து பார்த்தார். திறந்தால் சூடு இறங்கிவிடும் என்றேன். "ஆமா, திறந்து திறந்து பாக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே, அதை உறுதி செய்ய இன்னொரு தடவை திறந்தார். அத்தை ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார், ஊற்றத்தான். தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை மட்டும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் தெர்மாமீட்டரை எடுத்துத் தொடையில் குத்தினேன். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. "எவ்வளவு காட்டுது?"

"எழுபத்தெட்டு."

"இறங்கணுமா, ஏறணுமா?"

"ஏறணும்மா."

காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில் நிற்கிற முகத்தோடு நின்றவள், அது தொண்ணூறைத் தொட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இறக்கியதும் இருபது நிமிஷம் அப்படியே விட வேண்டும். சூடு பரவி, ஓடிய சாறு கறிக்குள்ளேயே தங்கும். இருபது நிமிஷம் என்றதும் யாரும் சண்டை போடவில்லை. நடுக்கூடத்தில் மண்டி போட்டிருந்த தொடையைச் சுற்றி எல்லோரும் அமைதியாக நின்றார்கள். அத்தை மட்டும் ஓர் ஓரத்தில் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். அத்தை வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அதுதான். கறி கத்திக்கு வேலை வைக்காமல் கரண்டியோடு வந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நல்லி எங்கே என்று அப்பா கேட்கும்வரை.

குழம்புக்கு வெட்டினால் ஒரு தொடையில் நாலைந்து நல்லித்துண்டு தேறும். மாப்பிள்ளைக்கு இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்றொன்று என்று அம்மா கண்ணாலேயே பங்கு போட்டுவிடுவாள். வெட்டாத தொடையில் இருப்பது மேலே ஓர் எலும்பு, கீழே ஓர் எலும்பு. இரண்டும் இரு முனையும் மூடியவை. உறிஞ்ச ஓட்டையே கிடையாது. மாப்பிள்ளை மேலெலும்பை எடுத்து இந்தப் பக்கம் உறிஞ்சினார், அந்தப் பக்கம் உறிஞ்சினார், பிறகு என்னைப் பார்த்தார். ஏழு மணி நேரத் தொடையைக் கண்டுபிடித்தவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அத்தை பின்கட்டுக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"புது டைல்ஸ் மேல வச்சு உடைக்காதீங்க!" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள். "வாசக்கல்லுக்குப் போங்க!"

மாப்பிள்ளை எலும்போடு முன்னால் நடக்க, குழவியோடு அத்தை பின்னால் போக, குழந்தைகள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடின.