தொண்டு பண்ணக் கெளம்பிட்டாராம் எங்க பேராண்டி

வாடா பேராண்டி, திண்ணையில ஒக்காரு. கம்போடியாவுல அனாதைப் புள்ளைங்களுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்க ரெண்டு வாரம் போறியாமே, அதுக்குப் பணத்தையும் நீயே கட்டுறியாமே? நம்ம காணையில நடவுக்கு வர்றவங்களுக்கு நாம கூலி குடுக்கிறோம். நீ போற எடத்துல வேலைக்கு வர்றவன் கூலி குடுக்கிறான். இந்த ஏவாரத்தைக் கண்டுபுடிச்சவன் காலைக் காட்டுடா, கும்புட்டுக்கிறேன்.

எனக்குப் படிப்பு கம்மிதான். ஆனா யூனிசெஃப்காரங்க சொன்னதைப் பேப்பர்ல பாத்தேன். அந்த நாட்டு இல்லங்கள்ல இருக்கிற புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பனோ ஆத்தாளோ உசுரோட இருக்காங்களாம். ஒன்ன மாதிரி புண்ணியவானுங்க வர வர, காட்டுறதுக்குப் புள்ளைங்க வேணும்னு இல்லம் பெருகிப்போச்சு. நீ ஏ, பி, சி சொல்லிக்குடுத்துட்டு ஏரோப்ளேன் ஏறிடுவ. அடுத்து வர்றவன் மறுபடியும் ஏ-லேருந்து ஆரம்பிப்பான். அந்தப் புள்ள இஸட்டைக் கண்ணால பாக்கப் போறதே இல்ல.

வெளியூரான் வந்து ஒழுங்கா ஒழைச்ச கதை வேணும்னா நம்ம வானூர்ப் பக்கம் போ. 1968 பிப்ரவரி 28-ல ஆரோவில் ஆரம்பிச்சப்ப 124 நாட்டு மண்ணைக் கொண்டாந்து ஒரு தாழியில போட்டாங்க. அங்க இருந்த செம்மண்ணோ மழைக்கு மழை கரைஞ்சு கடலுக்குப் போய்க்கினு இருந்துச்சு! நல்லவேளை, வந்தவங்க சீக்கிரம் புரிஞ்சுக்கினாங்க. கரை போட்டுத் தண்ணியை மடக்கினாங்க, மரம் வெச்சாங்க. சுத்துப்பட்டு சனங்களும் கூலிக்குப் போய்க் கூடவே மண்ணு வெட்டினாங்க. படம் புடிக்கிறவன் அதை மட்டும் மறந்துடுவான். இன்னிக்கு அங்க காடு நிக்குதுன்னா அம்பது வருசப் பாடு.

அங்கயே 2003-ல அவிராம், யோரித்னு ஒரு புருசன் பொண்டாட்டி சாதனா ஃபாரஸ்ட்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. நம்ம மண்ணுக்குன்னே இருந்த பழைய காட்டைத் திரும்பக் கொண்டார்ற வேலை. விடிகாலையில மண்வெட்டி எடுக்கணும், மொறை வெச்சுச் சமைக்கணும். பாலு, மோரு கெடையாது. பீடி, சாராயம் கெடையாது. கக்கூசுல தண்ணி ஊத்தாம எருவாக்குறாங்க. ஏன்டா, மூஞ்சி சுருங்குது? ஒங்க ஆயா வூட்டுக் கக்கூசுல ஃபிளஷ் இல்லன்னு போன பொங்கலுக்கு வராதவன்தான நீ!

ஒதவின்னா இன்னான்னு 2024 டிசம்பர்ல நல்லாப் பாத்தேன். ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி, சாத்தனூர் அணை தொறந்து, தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள்ள பூந்துச்சு. எங்கேயிருந்தோ ஒரு காரு வந்துச்சு. ஒரு ரொட்டிப் பொட்டலத்தை ஆறு பேரு புடிச்சுக்கினு ஒரு கெழவி கையில குடுத்தாங்க. போட்டோ சரியா வரலன்னு வாங்கி மறுபடியும் குடுத்தாங்க. ஒரு மூட்டை நெறையப் பழைய கோட்டு, சூட்டு வேற. சனங்களுக்கு வேண்டியது பாயி, வெளக்கு, குடிக்கத் தண்ணி. இன்னா வேணும்னு ஒருத்தனும் வாயைத் தொறந்து கேக்கல. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோட்டு எங்க சோளக்கொல்லை பொம்மைக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு.

சரி, ஊரைச் சுத்தித்தான் பாக்கணுமா, பாரு. செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. மராட்டியர் கோட்டைன்னு சேத்த பன்னெண்டுல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். அதுல ஒன் பேரையும் அவ பேரையும் கிறுக்காத. திருவக்கரையில மரம் கல்லாயி ரெண்டு கோடி வருசமாச்சு. அதை ஒரு துண்டு ஜோபியில போட்டுக்கினு வந்து டீவி மேல வெக்காத. கழுவெளிக்கு மார்கழியில போனா சீமையிலேருந்து வந்த பறவைங்களைப் பாக்கலாம். 2021-ல அதைச் சரணாலயமாக்கிட்டாங்க. ஒன் டிரோன் பொம்மையைப் பறக்கவுட்டு அதுங்க வவுத்துல அடிக்காத. சோத்தை உள்ளூர் மெஸ்ல துன்னு. தண்ணிக்கு ஒரு சொம்பு எடுத்துக்கினு போ.

அப்புறமும் கை அரிக்குதா? ஆவணி, புரட்டாசியில பனம்பழம் வுழும். பனை மரத்தை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல சொல்லிட்டாங்க. நட்டு வெக்கப் பஞ்சாயத்துல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஏரிக்கரையில கொட்டை ஊனு. பணம் கட்ட வாணாம், கூழு நான் ஊத்துறேன். காய்க்கப் பத்துப் பதினைஞ்சு வருசமாவும், அதனால நட்டதோட ஓடிப்போவாம அப்பப்ப வந்து மொளைச்சுதா, ஆடு மேஞ்சுதான்னு பாரு. மொதல்ல அந்த கம்போடியா டிக்கெட்டை ரத்து பண்ணு, பாதிப் பணமாவது திரும்பும்.