தன்மானத்துக்கும் கேட் பாஸ்

“உங்களை மற்றவர்கள் எப்படி நடத்த வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மரியாதை குறைகிறதா? முகத்துக்கு நேரே, கோபப்படாமல், புன்னகையோடு ‘இதை நான் ஏற்க முடியாது’ என்று சொல்லிவிடுங்கள்.”

பயிற்சியாளர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏசி அறையில், இரண்டு டீ இடைவேளையோடு, நடுவில் கைதட்டச் சொல்லிச் சொல்கிறார்கள். கேட்க வந்த மேலாளர்களும் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அதில் பாதிப் பேர் மறுநாள் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக “ஏய், அந்தத் தண்ணி பாட்டில எட்றா” என்பார்கள்.

இந்தப் பெருமக்களில் ஒருவரை ஆலத்தியூருக்கு அழைத்து வர வேண்டும் என்பது என் ஆசை. செலவு என்னுடையது. அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் செந்துறைப் பக்கம் வந்து சேர்வதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டையே பாதிப் பாடத்தை நடத்திவிடும். மீதிப் பாடத்தை நடத்த இந்த மாவட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. 1979-இல் அரசின் டான்செம் ஆலை அரியலூரில் வந்தது. ராம்கோவின் ஆலத்தியூர் ஆலை 1997-இல் ஓடத் தொடங்கியது. அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு என்று நாட்டின் பெரிய பெயர்கள் எல்லாம் இங்கே சிம்னி நட்டிருக்கின்றன. (வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நினைப்பவர்கள் பேனாவை மூடி வைக்கலாம். இனி நான் சொல்லப்போவது எந்த ஒரு ஆலையைப் பற்றியும் அல்ல. காண்ட்ராக்ட் என்ற சொல் புழங்கும் எந்த கேட்டிலும் பொருந்துவதைத்தான் சொல்கிறேன். தொப்பி யாருக்குச் சரியாக உட்காருகிறதோ, அவர் அதைக் கழற்றிவைத்துவிட்டுப் படிக்கட்டும்.)

பயிற்சியாளருக்கு நான் கோட்டு தர மாட்டேன். ஒரு காண்ட்ராக்டரிடம் சொல்லி டோக்கன் வாங்கித் தருவேன். காலை ஷிப்டு. ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கே கேட்டில் வரிசை. கையில் தூக்குவாளி. செக்யூரிட்டி மூடியைத் திறக்கச் சொல்கிறார். திறக்கிறோம். அதற்குள் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டாமா? சோற்றுக்குள் கம்பியை விட்டுக் கிளறுகிறார். வீட்டில் நாலு மணிக்கு எழுந்து வடித்த சோறு. அந்தக் கம்பி அதற்கு முன்னால் எத்தனை பேருடைய சோற்றில் புகுந்து வந்ததோ. பின்னாலேயே ஸ்டாஃப் கார் வருகிறது. டிக்கியில் ஒரு லாரிச் சாமானை அடைக்கலாம். சல்யூட் அடித்து கேட் திறக்கிறது.

இப்போது சொல்லுங்கள் ஐயா, புன்னகையோடு: “இதை நான் ஏற்க முடியாது.”

சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? அடிக்க மாட்டார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. டிஸ்மிஸ் செய்யவும் மாட்டார்கள். டிஸ்மிஸ் என்றால் காகிதம் கொடுக்க வேண்டும், காகிதம் கொடுத்தால் கோர்ட்டுக்குப் போவான். நாளைக் காலை லிஸ்ட்டில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் ஆலைக்காரர் “அது காண்ட்ராக்டர் விஷயம்” என்பார். காண்ட்ராக்டர் “கம்பெனிதான் ஆள் குறைக்கச் சொல்லுச்சு” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவனை ‘டேய்’ என்று கூப்பிட்டது யார் என்பதே தெரியாதபடி அவனுக்கு இரண்டு முதலாளிகளை ஏற்பாடு செய்ததில்தான் இந்த நாட்டு நிர்வாகவியலின் மேதைமை இருக்கிறது. கம்பி வைத்துச் சோற்றைக் கிளறிய செக்யூரிட்டியும் ஏஜென்சி ஆள்தான். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவன். அவனுக்கும் மேலே ஒருவர் ‘டேய்’ வைத்திருக்கிறார்.

லிஸ்ட்டிலிருந்து பெயர் காணாமல் போகிற அனுபவம் இந்த மாவட்டத்துக்கே உண்டு. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரித்து “நீ தனி மாவட்டம், வா” என்றார்கள். 2002-இல் “தேவையில்லை, போ” என்று திரும்ப இணைத்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி “சரி, வா” என்றார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வருஷாவருஷம் சர்வீஸில் பிரேக் போட்டு எடுப்பதைப் போலவே ஒரு மாவட்டத்துக்கும் பிரேக் போட்டு எடுத்திருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸுக்கே நிரந்தரம் இல்லாத ஊரில், பேக்கிங் பிளான்ட்டில் மூட்டை அடுக்குகிறவன் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஆலைக்குள் ஹெல்மெட்டைப் பார்த்தே ஆளின் விலையைச் சொல்லிவிடலாம். பல இடங்களில் அதிகாரிக்கு ஒரு நிறம், நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், காண்ட்ராக்டுக்கு ஒரு நிறம். பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். யாருடைய பாதுகாப்பு என்பதைச் சொல்ல மாட்டார்கள். தப்பித் தவறி ஒருவரை ‘சார்’ என்றோ ‘டேய்’ என்றோ மாற்றிக் கூப்பிட்டுவிடாமல் காப்பாற்றும் பாதுகாப்பு அது. தலைக்கு நிறம் இருக்கிறது. வாய்க்கும் படிக்கட்டு இருக்கிறது. மேலே ‘சார்’. அதற்குக் கீழே ‘என்னங்க’. அப்புறம் ‘தம்பி’, ‘யோவ்’, ‘டேய்’. கடைசிப் படியில் சொல்லே கிடையாது, கையைத் தட்டுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டபின் ‘தம்பி’யிலிருந்து ‘டேய்’க்கு இறங்க அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த விசாரணையை “சொந்த ஊர் எதுப்பா?” என்று வெகு அன்பாகத்தான் ஆரம்பிப்பார்கள்.

ஆபீஸ் பெருக்குகிற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. போன மாதம் சேர்ந்த டிரெய்னிக்கு இருபத்துமூன்று. அவர் அவனை ‘சார்’ என்கிறார், அவன் அவரை ‘இந்தா’ என்கிறான். டீ வருகிறது. சாருக்குப் பீங்கான் கப். அம்மாவுக்குப் பேப்பர் கப். முன்பெல்லாம் டீக்கடையில் தனிக் குவளை வைத்தால் போராட்டம் நடக்கும், வழக்கு வரும். பேப்பர் கப் வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்குச் சுகாதாரச் சான்றிதழே கிடைத்துவிட்டது.

சட்டம் இல்லாமலா? ஏராளமாக இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இலேயே வந்துவிட்டது, 2025 நவம்பர் வரை அமலில் இருந்தது. குடிநீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், நூறு பேரோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொழிலாளி இருந்தால் கேன்டீனும் வேண்டும், காண்ட்ராக்டர் செய்யாவிட்டால் முதன்மை முதலாளி செய்து தர வேண்டும் என்றது. அதே 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 44-ஆவது பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தரச் சொன்னது. சுதந்திரம் வாங்கிய மறு வருஷமே நம் பெரியவர்கள் நாற்காலியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். எழுபத்துமூன்று வருஷம் கழித்து, 2021-இல், ஜவுளிக்கடைப் பெண்களும் மனிதர்கள்தான் என்று ஞாபகம் வந்து, தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கும் உட்காரும் உரிமை கொடுத்தோம். கேரளம் 2018-லேயே கொடுத்துவிட்டது. அங்கேயும் தானாகக் கொடுக்கவில்லை. கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் பெண்கள் தெருவில் இறங்கிய பிறகு கொடுத்தது. இங்கே நாற்காலி வந்தது. சில கடைகளில் அதன்மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதில் உட்கார்ந்தால் உறை சத்தம் போடும், சத்தம் கேட்டால் மேலாளர் திரும்பிப் பார்ப்பார்.

இத்தனை சட்டங்களிலும் சோற்றில் கம்பி விடாதே என்று ஒரு வரி கிடையாது. வாயை அடக்கு என்று ஒரு வரி கிடையாது. சாதியைச் சொல்லி எல்லார் முன்னாலும் திட்டினால் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் கெட்டிக்காரன் சாதியைச் சொல்லித் திட்டுவதில்லை, தெருவைச் சொல்லித் திட்டுகிறான். பெண்களிடம் பாலியல் தொல்லை என்றால் 2013-இன் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வைக்கவில்லை என்றால் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம். குழு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். போஸ்டர் இருக்கிறது என்பார்கள். போஸ்டர் எங்கே என்று கேளுங்கள். பீரோவுக்குப் பின்னால் இருக்கும். பணியிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. அதன் எண் 190. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ‘இதை நான் ஏற்க முடியாது’ என்று சொல்லும் பயிற்சியை நம் அரசு மட்டும் ஒழுங்காக எடுத்திருக்கிறது.

அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடலாக இருந்தபோது செத்துப்போன நத்தையும் சிப்பியும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அட்டை வைத்திருக்கிறார்கள். அதே கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை உடைக்கிறவனுக்கு டோக்கன் நம்பர். இந்த மாவட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட வேண்டுமானால் குறைந்தபட்சம் ஆறு கோடி ஆண்டு சர்வீஸ் வேண்டும் போலிருக்கிறது.

சங்கங்கள் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன, கொடியும் கேட்டுக்கு எதிரே பறக்கிறது. போனஸ் பேசுவார்கள், கேன்டீன் இட்லியின் எடையைப் பேசுவார்கள். எல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்கு. கேட் கூட்டத்தில் “தோழர்களே” என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, உள்ளே போனதும் “டேய் காண்ட்ராக்ட்டு, இங்க வா” என்று கூப்பிடுகிற தோழரை நான் அறிவேன். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். எல்லாச் சங்கமும் இது தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கட்டும்.

மரியாதையை யார் வாங்கினார்கள் என்று பார்க்கக் கொள்ளிடத்தைத் தாண்டினால் போதும். பழைய தஞ்சையில் பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் வழக்கமாக இருந்தது. அது என்ன மரியாதைக் குறைவா? இல்லை, அன்றைய ‘எச்.ஆர். பாலிசி’. அந்த ஆட்களிடம் யாரும் வந்து ‘உங்கள் எல்லையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்’ என்று புன்னகைக்கச் சொல்லவில்லை. கன்னட நாட்டில் பிறந்து தமிழைக் கற்றுக்கொண்டு வந்த பி. சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார். 1944-இல் மன்னார்குடியில் பண்ணையார்களை உட்கார வைத்து ஒப்பந்தம் போட்டார்கள். சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது என்பது அதில் கூலியோடு சேர்ந்து இடம்பிடித்தது. நெல்லைக் கூட்டிக் கொடுப்பதைவிடச் சவுக்கைக் கீழே போடுவதுதான் மிராசுகளுக்கு வலித்திருக்கும். நெல் அடுத்த போகம் விளையும்.

அது பழைய கதை என்றால் புதிய கதையும் இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்துத் துணி ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதற்கு முன்பே தொல்லை, வசவு என்று பெண்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. துணி தைத்துத் தரும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அதை வாங்கி விற்கும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். வரை எல்லாரையும் 2022-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தைக்கிற பெண்களிலிருந்தே ஆட்களைப் பயிற்சி கொடுத்துத் தளத்தில் கண்காணிக்க நிறுத்தினார்கள். தொல்லையும் வசவும் புகாராக எழுத்தில் ஏறின. ஏறியதற்கு விசாரணை நடந்தது. ஆலை சரியாக நடக்காவிட்டால் ஆர்டர் போகும் என்று பயம் வந்ததும் சூப்பர்வைசர்களின் தமிழில் திடீரென்று ‘வாங்க, போங்க’ முளைத்தது. தொல்காப்பியம் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வேகமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

சரி, பயிற்சியாளரை மறந்துவிட்டோம். அவர் இன்னும் கேட்டில் கிளறிய சோற்றோடு நிற்கிறார். அவரிடம் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவருக்குக் காசு கொடுத்து அழைப்பவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் உழைக்க வேண்டும், வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எல் அண்டு டி தலைவர் கேட்ட காணொளி 2025 ஜனவரியில் ஊரெல்லாம் ஓடியது. மேலே இருந்து அப்படிக் கேட்கிற நாட்டில், கீழே இருப்பவனிடம் போய் ‘சுயமதிப்பை வளர்த்துக்கொள்’ என்று சொல்வதற்கு இன்னொரு ஆளை வைத்துக்கொள்வது மலிவான ஏற்பாடு. அவமானப்பட்டால் அது உன் பயிற்சிக் குறைவு. கேஸ் முடிந்தது.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. காண்ட்ராக்ட் டெண்டரில் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. பத்து நிமிஷம் லேட்டா, அரை நாள் கட். ஹெல்மெட் இல்லையா, பிடித்தம். மூட்டை கிழிந்ததா, பிடித்தம். அந்தப் பட்டியலின் அடியிலேயே நாலு வரி சேர்த்துவிடலாம். ஒரு ‘டேய்’க்குச் சொன்னவரின் அரை நாள் சம்பளம். கையைத் தட்டிக் கூப்பிட்டால் ஒரு நாள். சோற்றில் கம்பி விட்டால், விடச் சொல்லி உத்தரவு போட்டவரின் ஒரு வாரச் சம்பளம். அம்மா அப்பாவை இழுத்தால் இன்கிரிமென்ட் கட். பிடித்த பணம் திட்டு வாங்கியவரின் வங்கிக் கணக்குக்கு, அந்த மாதச் சம்பளத்தோடு. பார்க்க ஆள் வேண்டுமா? திண்டுக்கல்லில் வைத்ததைப் போல, திட்டு வாங்குகிறவர்களிலிருந்தே நாலு பேரை வைக்கட்டும். அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

முதல் மாதச் சம்பள ரசீதைப் பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது. சில சூப்பர்வைசர்கள் அன்றைக்குக் காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் கைமாற்றுக் கேட்டு வருவார்கள். வாசலில் நின்று ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள்.